பானை குளிராத நாள்: பாலக்காட்டுக் கோடையைப் புரிந்துகொள்ள

ஏப்ரல் மாதத்து முற்பகல். பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் நான் வழக்கமாகப் போகும் டீக்கடையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பாலக்காடு மாவட்டத்துக்கு மஞ்சள் எச்சரிக்கை என்று மலையாளத்தில் செய்தி வாசித்தார்கள். பெஞ்சில் இருந்த மூன்று பேர் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள்.

“மஞ்சள்தானுங்களே. சிவப்பு வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.”

“இங்கே முப்பத்தெட்டு. வேலூரில் நாற்பத்திரண்டாம். அங்கே இருப்பவர்களெல்லாம் மனிதர்கள் இல்லையா?”

“கத்திரியே இன்னும் பிறக்கவில்லை. அதற்குள் என்ன வெயில்?”

கடைக்காரர் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. மூலையில் மணல் பரப்பி வைத்திருந்த மண்பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டு, வாயில் ஊற்றிப் பார்த்து, முகம் சுளித்தார். “நாலு நாளாகப் பானை குளிரவே மாட்டேன் என்கிறது” என்றார்.

அன்று அந்தக் கடையில் வெயிலைப் பற்றிச் சரியாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். மற்ற மூவர் சொன்னதும் நம்மில் பெரும்பாலோர் நம்புவதுதான். எல்லையோரத்தில் கோடை என்றால் இந்த மூன்று வாக்கியங்களுக்குள்ளேயே பேச்சு முடிந்துவிடுகிறது. அவை ஏன் பொருந்தாது என்று பார்ப்பதற்கு முதலில் பானையிடம் போக வேண்டும்.

பானை எப்படிக் குளிர்கிறது

மண்பானையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. உள்ளே இருக்கும் தண்ணீர் அவற்றின் வழியே கசிந்து வெளிப்புறத்தை ஈரமாக்குகிறது. அந்த ஈரம் காற்றில் ஆவியாகப் போகிறது. நீர் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அடுப்பில் என்றால் விறகு கொடுக்கிறது. இங்கே அடுப்பு இல்லை, ஆகவே பானையிடமிருந்தும் உள்ளே உள்ள தண்ணீரிடமிருந்தும் அதை எடுத்துக்கொள்கிறது. கொடுத்தது குளிர்கிறது. ஆவி எடுத்துக்கொண்டு போகும் இந்த வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். போனது அழிந்துவிடுவதில்லை, ஆவிக்குள் ஒளிந்திருக்கிறது. அது எங்கே வெளியே வருகிறது என்பதைக் கட்டுரையின் கடைசியில், இடி மின்னலோடு பார்ப்போம்.

ஆவியாவதற்குக் காற்றில் இடம் வேண்டும். வறண்ட காற்று என்றால் ஈரம் உடனே உலரும், பானை சில்லென்று இருக்கும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் பானையின் வெளிப்புறம் நசநசவென்று அப்படியே இருக்கும், தண்ணீர் வெதுவெதுப்பாகவே கிடக்கும். கொச்சியில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் பானை வாங்கிக் கொடுத்து ஏச்சு வாங்கிய அனுபவம் எனக்கு உண்டு. பானையைக் குறை சொல்லிப் பயனில்லை. கொச்சிக் காற்றில் அதற்கு வேலை இல்லை.

உடம்பும் ஒரு பானைதான்

சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது, பழைய குண்டு பல்பு ஒன்று எரிவதுபோல. சிமென்ட் கலவை சுமப்பவர், வரப்பு வெட்டுபவர், தென்னையில் ஏறிக் கள் இறக்குபவர் என்றால் நாலைந்து பல்புகள். இந்த வெப்பம் வெளியேறியே ஆக வேண்டும். உடலின் உள் வெப்பநிலை 37 டிகிரியைச் சுற்றியே இருக்கலாம், அதற்கு மேல் அதிக இடம் இல்லை.

நம் தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று 28 டிகிரியாக இருந்தால் சூடான தோலிலிருந்து காற்றுக்கு வெப்பம் தானாகவே போய்விடும். காற்று 38 டிகிரி ஆனால் ஓட்டம் திரும்பிவிடுகிறது. வெப்பம் காற்றிலிருந்து உடம்புக்குள் வருகிறது. அப்போது உடலிடம் மிஞ்சியிருக்கும் ஒரே வழி பானையின் வழி: வியர்வையை வெளியே விட்டு உலரவைப்பது.

அந்த ஒரு வழிக்கு இருக்கும் வலு சாதாரணமானது இல்லை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலிலேயே உலர்ந்தால், ஏழெட்டு லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைக்கத் தேவையான அளவு வெப்பம் உடலை விட்டுப் போகிறது. இதில் “உலர்ந்தால்” என்ற சொல்தான் முக்கியம். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வை எந்த வெப்பத்தையும் எடுத்துப் போவதில்லை. உடம்பில் இருந்த தண்ணீரும் உப்பும் செலவானதுதான் மிச்சம். “நன்றாக வியர்த்தால் சூடு இறங்கிவிடும்” என்பார்கள். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டுகிறது என்றால் சூடு இறங்கவில்லை என்று பொருள்.

இதுவரை சொன்னதன் சாரம்: 35 டிகிரிக்கு மேல் போன காற்றில் உடலுக்கு உள்ள ஒரே குளிரூட்டும் வழி வியர்வை உலர்வது. வியர்வை உலருமா என்பதைக் காற்றின் ஈரம் முடிவு செய்கிறது. அதனால் வெப்பமானியின் எண் பாதிச் செய்திதான்.

ஈரப்பதத்தை எப்படிப் படிப்பது

மீதிப் பாதி ஈரப்பதம். காற்று அந்த வெப்பநிலையில் தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இப்போது இருக்கிறது என்பதே செய்திகளில் வரும் ஈரப்பதம். வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் காற்று தாங்கும் நீராவியின் அளவு ஏறக்குறைய 7 சதவீதம் கூடுகிறது. சொல்லப்போனால் இது அகலமாகிக்கொண்டே போகும் பாத்திரம். காலையில் சின்னப் பாத்திரம், அதில் 90 சதவீதம் நிறைந்திருக்கிறது. மதியம் பாத்திரம் பெரிதாகிவிடுகிறது. உள்ளே இருக்கும் நீராவி அதேதான், ஆனால் இப்போது அது 40 சதவீதம்கூட இல்லை.

இதைத் தெரிந்துகொள்ளாமல் காலையின் 90 சதவீதத்தையும் மதியத்தின் 40 டிகிரியையும் ஒரே வரியில் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். 40 டிகிரியும் 90 சதவீதமும் ஒரே நேரத்தில் நம் ஊரில் வந்ததே இல்லை. வந்தால் அதைச் செய்தியாக அனுப்ப ஆள் இருக்க மாட்டார்கள்.

சரி, டீக்கடையில் வேலூரை இழுத்த நண்பரின் கேள்விக்கு வருவோம். ஒரு பக்கம் 40 டிகிரி, 20 சதவீத ஈரப்பதம். இன்னொரு பக்கம் 34 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம். வானிலையாளர்கள் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்து, உடலுக்கு எவ்வளவு வெப்பம்போலத் தோன்றும் என்று கணக்கிடுகிறார்கள். அது உணர் வெப்பநிலை. முதல் இடத்தில் அது ஏறக்குறைய 40. இரண்டாவது இடத்தில் 46-ஐத் தாண்டுகிறது. வெப்பமானியில் ஆறு டிகிரி குறைவாக இருந்த இடம் உடலுக்கு ஆறு டிகிரி அதிகமாக இருக்கிறது. வேலூர் வெயில் சாதாரணம் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். வறண்ட வெயிலில் வியர்வை வந்த சுவடே தெரியாமல் உலர்ந்துவிடும், தண்ணீர் குறைவதை ஆள் உணர்வதற்குள் நாக்கு ஒட்டிவிடும். அது வேறு வகை ஆபத்து. இரண்டு ஊரையும் ஒரே எண்ணால் ஒப்பிடக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டு வெப்பமானி, ஒரு துணி

பானையின் அறிவை எண்ணாக மாற்றும் எளிய கருவி ஒன்று உண்டு. இரண்டு வெப்பமானிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் குமிழில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி நனைத்து, விசிறியால் நன்றாகக் காற்று படச் செய்யுங்கள். துணியின் ஈரம் உலர உலர அந்த வெப்பமானி இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிற்கும். அந்த எண்தான் ஈரக்குமிழ் வெப்பநிலை. நீர் உலர்வதால் மட்டும் அந்தக் காற்றில் எவ்வளவு தூரம் குளிர முடியும் என்பதன் எல்லை அது. பானைக்கும் அதுதான் எல்லை, நமக்கும் அதுதான்.

முன்பு சொன்ன 40 டிகிரி வறண்ட காற்றில் ஈரக்குமிழ் 23 அளவில் நிற்கும். 34 டிகிரி ஈரக் காற்றில் 29 வரை போகும்.

ஈரக்குமிழ் 35 டிகிரியைத் தொட்டால் நிழலில், விசிறிக் காற்றில், தண்ணீர் குடித்துக்கொண்டு சும்மா படுத்திருப்பவரும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று 2010-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. தோலின் வெப்பநிலையும் 35 என்பதை நினைவில் வைத்தால் காரணம் புரியும். பிறகு 2022-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஆரோக்கியமான இளைஞர்களை அறையில் வைத்துச் சோதித்தபோது, ஈரமான வெப்பத்தில் 31 டிகிரிக்கு அருகிலேயே அவர்களின் உடல் வெப்பம் கட்டுக்குள் நிற்காமல் ஏறத் தொடங்கியது. இளைஞர்களுக்கு, லேசான அசைவோடு, 31. அறுபத்தைந்து வயதில் நூறு நாள் வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பெண்களுக்கு எவ்வளவு என்பதை அந்த எண்ணிலிருந்து கீழே இறங்கித்தான் யோசிக்க வேண்டும்.

செய்தியில் வரும் எண் எங்கே அளந்தது

வானிலை நிலையத்தின் வெப்பமானி வெள்ளை அடித்த மரப்பெட்டிக்குள், நிழலில், தரையிலிருந்து ஓர் ஆள் நெஞ்சளவு உயரத்தில் இருக்கிறது. பெட்டியின் பக்கங்களில் காற்று போய்வரச் சாய்வுப் பலகைகள் உண்டு. 38 என்று சொன்னால் அது நிழலின் 38. வெயிலில் நிற்பவர் மேல் சூரியனின் நேர் வெப்பம் வேறு, தார்ச்சாலையும் தகரக் கூரையும் திருப்பி அனுப்புவது வேறு. வெயிலில் நிறுத்திய காரின் கண்ணாடிக்குப் பின்னால் 46 என்று காட்டுவதைப் படம் பிடித்து அனுப்புகிறவர்கள் காரின் சூட்டைத்தான் அளந்திருக்கிறார்கள்.

புறஊதாக் குறியீடு என்று கேரளத்தில் தினமும் அறிவிக்கிறார்களே, அது வெப்பமே இல்லை. தோலையும் கண்ணையும் சுடும் கதிரின் அளவு. குளிர்ந்த மூணாறிலும் அது உச்சத்தில் இருக்கலாம்.

வெப்ப அலை என்பதற்கு ஓர் இலக்கணம் உண்டு

பேச்சில் கொஞ்சம் புழுங்கினாலே வெப்ப அலை என்கிறோம். இந்திய வானிலை ஆய்வுத் துறை அதைக் கறாராக வரையறுத்திருக்கிறது. சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரியைத் தொட வேண்டும். அதோடு அந்த இடத்துக்கு, அந்தத் தேதிக்கு இயல்பான அளவைவிடக் குறைந்தது 4.5 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். கடலோரத்துக்கு 37 டிகிரியே போதும், ஆனால் அந்த 4.5 கூடுதல் அங்கும் வேண்டும். மலைப்பகுதிக்கு 30. இயல்பு எதுவாக இருந்தாலும் 45-ஐத் தொட்டால் அது வெப்ப அலைதான். ஒரே ஓர் இடத்தில், ஒரே ஒரு நாள் என்றால் அறிவிக்க மாட்டார்கள். ஒரு வானிலைப் பிரிவில் இரண்டு நிலையங்களிலாவது, தொடர்ந்து இரண்டு நாளாவது நீடிக்க வேண்டும்.

2024 ஏப்ரல் இறுதியில் பாலக்காட்டோடு கடலோர ஆலப்புழைக்கும் வெப்ப அலை எச்சரிக்கை வந்தபோது பலர் சிரித்தார்கள். ஆலப்புழையில் என்ன நாற்பதா அடிக்கிறது என்று கேட்டார்கள். கடற்கரைக்கு ஏன் தாழ்வான அளவு என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். அங்கே காற்றில் ஈரம் அதிகம், பானை குளிராது.

இந்த இலக்கணத்தில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. ஈரப்பதம் இதில் நேரடியாக இல்லை. இயல்பைவிட மூன்று டிகிரி மட்டும் கூடி, ஈரம் மிகுந்து, உடலை வாட்டி எடுக்கும் நாள் “வெப்ப அலை” ஆகாது. அறிவிப்பு வரவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கணவாய் செய்யும் வேலை

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த வாசல்தான் பாலக்காட்டுக் கணவாய். முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலம். கேரளத்தின் மற்ற மாவட்டங்களை மலை கிழக்கிலிருந்து மறைக்கிறது, நம்மை மறைக்கவில்லை. தை, மாசியில் வாளையாறு வழியே கிழக்கிலிருந்து வறண்ட காற்று புழுதியோடு வருகிறது. உதடு வெடிக்கும், பானை சில்லென்று இருக்கும். பங்குனி, சித்திரையில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல் வந்துவிடுகிறது, வயல்களில் அறுப்பு முடிந்து மண் காய்ந்து கிடக்கிறது. மண்ணில் ஈரம் இருந்தால் வெயிலின் ஒரு பங்கு அதை ஆவியாக்குவதில் செலவாகும். ஈரம் இல்லாததால் முழுவதும் மண்ணையும் காற்றையும் சூடாக்குகிறது. 2016 ஏப்ரலில் மலம்புழையில் வெப்பநிலை 42 டிகிரியை ஒட்டிப் போனது இந்தக் காலத்தில்தான்.

பிற்பகல் சாயும்போது அதே வாசல் வழியே மேற்கிலிருந்து கடற்காற்று உள்ளே வருகிறது. கோவையில் அதை மாலைத் தென்றல் என்று கொண்டாடுவார்கள். கணவாயின் இந்தப் பக்கத்தில், அது கொண்டுவரும் ஈரம்தான் முதலில் தெரிகிறது. பகலில் வறட்சி, மாலையில் புழுக்கம் என்று ஒரே நாளில் இரண்டு ஊர்களில் வாழ்கிறோம்.

கத்திரிக்காகக் காத்திருந்தவருக்கும் இதில் பதில் உண்டு. அக்னி நட்சத்திரம் மே 4-ஐ ஒட்டித் தொடங்குகிறது. சென்னைக்கும் வேலூருக்கும் உச்ச வெயில் மே மாதத்தில் என்பதால் அந்தக் கணக்கு அங்கே ஓரளவு பொருந்துகிறது. பாலக்காட்டில் உச்சம் மார்ச், ஏப்ரல். மே மாதத்தில் கோடை மழை பெய்து, ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். தமிழ்ப் பஞ்சாங்கத்தை மாட்டிக்கொண்டு கேரள வெயிலில் நிற்பவர்கள் நாம். கத்திரி பிறக்கும்போது நம் ஊரின் மோசமான நாட்கள் பெரும்பாலும் கடந்திருக்கும்.

இரவு

இரவு பத்து மணிக்கு மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சாப்பிட்டு முடித்த தோசைக்கல்லின் ஓரம்போல இருக்கும். பகலெல்லாம் கான்கிரீட் சேர்த்துவைத்த வெப்பத்தை இரவில் அறைக்குள் இறக்குகிறது. ஓட்டு வீட்டில் இந்தச் சேமிப்பு குறைவு, ஓடுகளின் இடுக்கில் காற்றும் போய்வரும். தரை விடும் வெப்பம் வறண்ட வானத்தில் மேலே தப்பிப் போய்விடும். நீராவி நிறைந்த காற்று அதைப் போர்வைபோலப் பிடித்துவைக்கும்.

உடல் பகலில் பட்ட கடனை இரவில் அடைக்கிறது. இதயம் மெதுவாகத் துடித்து ஓய்வெடுப்பது அப்போதுதான். தொடர்ந்து நாலு இரவு அந்த ஓய்வு கிடைக்கவில்லை என்றால் ஐந்தாம் நாள் வெயில் அதே 38 ஆக இருந்தாலும் ஆள் விழுந்துவிடுவார். வெப்ப அலையில் முதியவர்கள் வெளியே போகாமலே வீட்டுக்குள் இறந்துபோவதற்கு இது பெரிய காரணம்.

உடல் தோற்கும் இடம்

முதலில் கெண்டைக்காலிலும் வயிற்றிலும் தசை பிடித்து இழுக்கும். அடுத்தது வெப்பச் சோர்வு: தலைச்சுற்றல், குமட்டல், வெளிறிய முகம், கொட்டும் வியர்வை. இந்தக் கட்டத்தில் நிழல், தண்ணீர், உப்பு போட்ட கஞ்சி அல்லது சம்பாரம் (நீர்மோர்), ஓய்வு ஆகியவற்றால் மீண்டுவிடலாம்.

மூன்றாவது வெப்பவாதம். மலையாளச் செய்தியில் சூர்யாகாதம் என்பார்கள். உடலின் உள் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி மூளை தடுமாறத் தொடங்கும் நிலை. ஆள் குழறுவார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார், சண்டைக்கு வருவார், வலிப்பு வரும், மயங்குவார். வெயிலில் வேலை செய்தவர் திடீரென்று குடித்தவர்போல நடந்துகொண்டால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். வியர்வை நின்றுபோயிருக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கடும் உழைப்பில் விழுந்தவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். பேச்சைப் பாருங்கள், தோலைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். நிழலுக்கு இழுத்து, சட்டையைக் கழற்றி, குடம் குடமாக உடம்பில் தண்ணீர் ஊற்றி, விசிற வேண்டும். ஈரமும் காற்றும் சேர்ந்தால் பானையின் வேலை நடக்கும். நினைவு தடுமாறியவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும். காய்ச்சல் மாத்திரையால் பயன் இல்லை, இது காய்ச்சல் இல்லை.

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் கள் உடம்புக்குக் குளிர்ச்சி என்பார்கள். குடிக்கும்போது இதமாக இருப்பது உண்மைதான். மது சிறுநீராகத் தண்ணீரை வெளியேற்றி, தாகத்தையும் தள்ளாட்டத்தையும் கவனிக்கும் புத்தியை மழுங்கடிக்கிறது. “எனக்குப் பழக்கமுங்க” என்பதில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது. உடல் வெயிலுக்குப் பழகும், அதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். வெளியூரிலிருந்து வந்து முதல் நாளே முழு வேலையில் இறங்குபவர்தான் அதிக ஆபத்தில் இருப்பவர்.

மாடுகளுக்கு நம்மைவிடக் கஷ்டம். அவற்றுக்கு வியர்வை குறைவு, மூச்சிரைத்து நாக்காலும் மூக்காலும் ஈரத்தை உலர்த்த வேண்டும். கலப்பினப் பசு வாய் திறந்து நுரை தள்ளினால் பால் குறைந்ததைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை, தண்ணீர் அடியுங்கள்.

மஞ்சள் என்றால் என்ன

நிறங்கள் தேர்வு மதிப்பெண் மாதிரி இல்லை. பச்சை, செய்ய ஒன்றுமில்லை. மஞ்சள், கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு, தயாராகுங்கள். சிவப்பு, உடனே செயல்படுங்கள். கேரளத்தில் வெப்பத்துக்கான மஞ்சள் அறிவிப்பு பெரும்பாலும் இயல்பைவிட 2 முதல் 4 டிகிரி கூடும் என்ற வாசகத்தோடு வரும். பாலக்காட்டின் ஏப்ரல் இயல்பே 36, 37 என்பதை அதோடு கூட்டிப் பாருங்கள். மஞ்சள் நாளில்தான் தயங்காமல் எல்லோரும் வேலைக்குப் போகிறார்கள். மாநிலத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் கோடையில் பகல் 12 முதல் 3 வரை நேரடி வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று ஆணையிடுவது நிறத்தைப் பார்த்து அல்ல.

மழைக்கும் இதே நிறங்கள், அளவு வேறு. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் எதிர்பார்த்தால் மஞ்சள், அதற்கு மேல் 204.4 வரை ஆரஞ்சு, அதையும் தாண்டினால் சிவப்பு.

ஒளிந்திருந்த வெப்பம் திரும்பி வருகிறது

இப்போது முதலில் தள்ளிவைத்த கேள்வி. பானையிலும் வயலிலும் கடலிலும் தோலிலும் இருந்து ஆவி எடுத்துப் போன வெப்பம் என்ன ஆனது?

கோடைப் பிற்பகலில் சூடான காற்று அந்த ஆவியைச் சுமந்துகொண்டு மேலே ஏறுகிறது. உயரப் போகப் போகக் குளிர்ந்து ஆவி மீண்டும் துளியாகிறது. துளியாகும்போது வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறது. அந்த வெப்பம் காற்றை இன்னும் சூடாக்கி இன்னும் மேலே தள்ளுகிறது. இப்படித்தான் மதியம் பஞ்சுப் பொதியாக இருந்த மேகம் நாலு மணிக்குப் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் உயரக் கோபுரமாகிறது. அதில் எவ்வளவு ஆற்றல் என்று கேட்டால், ஒரு ஏக்கர் நிலத்தில் பெய்யும் ஒரே ஒரு சென்டிமீட்டர் மழை ஏறக்குறைய 40,000 லிட்டர். அந்த நீர் துளியானபோது மேகத்துக்குள் விட்ட வெப்பம் சுமார் 28,000 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். மாதம் 200 யூனிட் எரிக்கும் வீட்டுக்குப் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் வரும்.

கோபுரத்தின் உள்ளே மென்பனிக் குருணைகளும் பனிப்படிகங்களும் மோதி உரசி மின்னூட்டம் பிரிகிறது. அது பாயும் வழிதான் மின்னல். அந்த வழியில் உள்ள காற்று நொடிக்கும் குறைவான நேரத்தில் 30,000 டிகிரி வரை சூடாகி விரிந்து வெடிக்கும் சத்தம் இடி. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதை எண்ணுவதற்குள் இடி கேட்டால் வீட்டுக்குள் இருக்க வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வரக் கூடாது. ரப்பர் செருப்பு காப்பாற்றாது. மேகத்திலிருந்து சில கிலோமீட்டர் காற்றையே துளைத்து வந்ததற்கு ஒரு விரல் தடிமன் ரப்பர் எம்மாத்திரம்? மரத்தடியில் நின்ற மாடுகள் கூட்டமாக விழுவது மின்னல் ஒவ்வொன்றின் மேலும் இறங்கியதால் அல்ல. மரத்தில் இறங்கியது வேர் வழியே தரையில் பரவி, முன்கால் ஏறி, பின்கால் வழியே போகிறது.

மழைக்கு முன்னால் திடீரென்று ஒரு குளிர்ந்த காற்று வந்து அறைகிறதே, அதுவும் பானைதான். மேகத்திலிருந்து விழும் துளிகளில் ஒரு பகுதி கீழே உள்ள வறண்ட காற்றில் பாதி வழியிலேயே உலர்ந்துவிடுகிறது. உலர்ந்த இடத்தில் காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, அது தொபுக்கென்று கீழே விழுந்து தரையில் மோதி நாலா பக்கமும் சிதறுகிறது. குலை தள்ளி நிற்கும் நேந்திரன் வாழைத் தோட்டம் ஐந்து நிமிடத்தில் சாய்வது அதனால்தான். பெரும்பாலும் மழைத் துளி விழுவதற்கு முன்பே சேதம் முடிந்திருக்கும்.

மழைக்கு மறுநாள்

கடந்த கோடையில் எங்கள் தெருவில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். வெயில் கொளுத்திய நாட்களில் மேஸ்திரி பன்னிரண்டு மணிக்கு வேலையை நிறுத்திவிடுவார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்போதெல்லாம் என் வீட்டுத் திண்ணையில் உலர்ந்த வெப்பமானி மதியம் 39, துணி சுற்றியது 25.

ஒரு மாலை நல்ல மழை. மறுநாள் வானம் பாதி மூடியிருந்தது, மண் ஈரமாக இருந்தது, வெப்பமானி 34-க்கு இறங்கியிருந்தது. “குளிர்ந்துவிட்டது சார்” என்று சொல்லி மேஸ்திரி உணவு இடைவேளையைச் சுருக்கி, முந்தைய நாட்களின் பாக்கி வேலையையும் சேர்த்து வாங்கினார். ஒரு மணிக்குத் துணி சுற்றிய வெப்பமானியைப் பார்த்தேன். 28. ஒரே இரவில் மூன்று டிகிரி ஏறியிருந்தது. எதிரே செங்கல் சுமந்துகொண்டிருந்த பையனின் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது, முழங்கையிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டே இருந்தது.

மேஸ்திரியைக் கூப்பிட்டு, திண்ணை மூலையில் இருந்த எங்கள் பானையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டார். செம்பில் மொண்டு ஒரு வாய் குடித்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய், பையனிடம் இறங்கி வரும்படி கையைக் காட்டினார்.